ஓடாத ஜெர்மன்காரி

"சந்தனம் போவ மாட்டேங்குது நைனா. தேய்க்கத் தேய்க்க இன்னும் பளபளன்னு ஆவுது" என்றான், மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த ஹெல்ப்பர் ஜான்சன்.

மெஷின் ஆபரேட்டர் வடிவேலு தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆழ்வார்பேட்டைச் சந்துக்குள் இருந்த வைபோகம் அச்சகத்தை முதலாளி இழுத்து மூடி ஏழு மாதமாகிறது. ஆனாலும் முந்தாநாள் ஆயுத பூஜைக்கு, வேலை போன தொழிலாளிகள் அத்தனை பேரும் வந்து, மெஷின்களைக் கழுவி, எண்ணெய் போட்டு, பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சம்பளத்தை ஏப்பம் விட்டது முதலாளி. மெஷின் என்ன பாவம் செய்தது?

அந்தப் பக்தியே இப்போது வினையாக வந்து நின்றது. காலையில், பாக்கிச் சம்பளத்துக்காகக் கேஸ் நடத்தும் யூனியன் வக்கீல் போன் செய்து, "பதினோரு மணிக்குக் கோர்ட்டுல இருந்து ஒரு ஆபீசர் பார்வையிட வரார். மெஷின் ரூமைத் திறந்து வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எதைப் பார்வையிட என்று வடிவேலு கேட்கவில்லை. அவருக்குத்தான் அனுபவம் இருக்கிறதே. வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் சில மாதம் உதவித்தொகை தருகிறது. அதற்காகக் கம்பெனி நிஜமாகவே மூடிவிட்டதா என்று பார்க்க முன்பு ஒருவர் வந்தார். அன்றைக்கென்று எல்லோரும் பழக்க தோஷத்தில் யூனிபார்ம் சட்டையோடு வந்து, ஃபேனுக்கடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் 'கம்பெனி இயங்குகிறது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். உதவித்தொகை அதோடு நின்றது.

வடிவேலுவின் மகள் அன்புக்கரசி நர்சிங் இரண்டாம் வருடம். இந்த மாதம் ஃபீஸ் கட்டாவிட்டால் பரீட்சை கிடையாது. இதுவும் அதே சோதனைதான், கம்பெனி மூடியது உறுதியானால்தான் பாக்கி வரும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். இந்த முறையும் கோட்டை விட முடியாது.

"பார்த்தவுடனே, இந்தக் கம்பெனி செத்துப் போச்சுடான்னு அவருக்குத் தோணணும்" என்றார் வடிவேலு.

"பூ வாசனை வேற வருதே நைனா. செத்த மாரியும் இல்ல, கல்யாண வூடு மாரி கீது."

சந்து முனையில் மெட்ரோ வேலைக்காகக் குவித்திருந்த மண்ணை ஜான்சன் இரண்டு வாளி அள்ளி வந்தான். புது எண்ணெயில் மண், பஜ்ஜிக்கு மாவு ஒட்டுவதுபோல ஒட்டிக்கொண்டது. ஆனாலும் நான்கு கலர் ஆஃப்செட் மெஷின் மட்டும் கம்பீரமாகவே நின்றது. ஜெர்மன்காரி என்பது அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர். மண் பூசியும் மவுசு குறையவில்லை.

"ஒரு ரோலரைக் கழட்டிடு" என்றார் வடிவேலு.

ஜான்சன் கழற்றினான். கழன்ற ரோலர் கை நழுவி, பல் சக்கரத்தின் மேல் விழுந்து, இரண்டு பல்லைப் பெயர்த்துக்கொண்டு தரையில் உருண்டது.

வடிவேலு குனிந்து, பெயர்ந்த பல்லைப் பொறுக்கினார். இருபத்திரண்டு வருடமாக அந்த மெஷினின் மேல் ஒருத்தனை டீ கிளாஸ் வைக்க விட்டதில்லை அவர். கண்ணை மூடித் திறந்தார்.

"பரவால்ல. உடைஞ்சது தெரியற மாதிரி முன்னாடி வை."

"கரண்ட் பெட்டி?"

அதை மட்டும் வேறு யாரும் தொடக் கூடாது என்று, மண் கரைத்த தண்ணீரை வடிவேலுவே அதற்குள் ஊற்றினார். ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலில் கார் வந்து நின்றது.

ஆபீசர் ஒல்லியாக, நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஜெர்மன்காரியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நல்ல கம்பெனி மெஷினாச்சே. ஓடுமா?"

"எங்க சார்! செத்துப் போய் வருஷக் கணக்காச்சு."

"முந்தாநாள்கூட ஓட்டினாங்களே சார்!" என்றார் பின்னால் நின்ற வாட்ச்மேன் தேசப்பன். "பூஜைக்கு நாலு பேப்பர் அடிச்சாங்க. ஜம்முனு வந்துச்சு."

வடிவேலு அவர் காலை மிதித்தார். "அவருக்கு வயசாச்சு சார். அது பக்கத்துக் கட்டடத்துல ஜெனரேட்டர் சத்தம்."

ஆபீசர் பெருமூச்சு விட்டார். "இது ஒண்ணு நல்லா இருந்தாலே போதுமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"வலை போடறாரு நைனா, உஷாரு" என்று கிசுகிசுத்தான் ஜான்சன்.

வடிவேலு உஷாரானார். கட்டிங் மெஷின் காகிதத்தை வெட்டாது, கடிக்கும் என்றார். லேமினேஷன் மெஷினில் எலி குட்டி போட்டிருக்கிறது என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது" என்றார் ஆபீசர்.

"தாராளமா எழுதுங்க சார். எல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு. கடைக்காரனும் யோசிப்பான்."

ஆபீசர் எழுதினார். உடைந்த பல் சக்கரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது வடிவேலுவின் தோளைத் தட்டினார். ஆபீசரின் கண் லேசாகக் கலங்கியிருந்ததாக ஜான்சன் பிறகு சத்தியம் செய்தான்.

"ஜெயிச்சிட்டோம் நைனா! இன்னா ஆக்டிங்கு!"

வடிவேலு உடனே வீட்டுக்குப் போன் போட்டு, பாக்கிச் சம்பளம், கிராஜுவிட்டி எல்லாம் இனி தானாக வரும், ஃபீஸைப் பற்றிக் கவலைப்படாதே என்று மகளிடம் சொன்னார். பிறகு ஜெர்மன்காரியின் பக்கம் போய், சட்டை நுனியால் ஒரு ஓரத்து மண்ணைத் துடைத்தார். பெற்ற பிள்ளையை ஊர் முன்னால் திட்டிவிட்டு வந்ததுபோல் இருந்தது அவருக்கு.

அப்போது ஆபீசரின் டிரைவர் காலி பாட்டிலோடு உள்ளே வந்தார். குழாயில் தண்ணீர் பிடித்தபடி, மண் அப்பிய மெஷின்களையும் வடிவேலுவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கை எடுத்துக் கும்பிட்டார்.

"பத்து வருஷமா சாரோட சுத்திக்கினு கீறேன். போற எடத்துல எல்லாம் ஓட்ட மெஷினக்கூட தொடச்சு, பொட்டு வெச்சு, புதுசு மாரி கீதுன்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுவானுங்க. உள்ளத உள்ளபடி சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தாங்க. இந்த மெஷினுங்கள ஏலம் வுட்டு வர்ற துட்டுதான் உங்க பாக்கின்னு தெரிஞ்சும்!"