பத்தாவது கை

தலைநகர் ஜூனோவில் மாநிலக் கல்வி ஆபீஸ் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அருமை மச்சான் நெல்ஸுக்கு, அக்கா புருஷன் ஹால்வர் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, என் முழங்கால் வலி மூவரும் நலம். உன் தொப்பையின் நலம் அறிய ஆவல்.

உங்க ஆபீஸ் ஆள் டாக்கின்ஸ் போன வாரம் எங்கள் தீவுக்குத் தலை எண்ண வந்தார். கடல் விமானத்தை விட்டு இறங்கும்போதே முகம் பச்சை. பத்துப் பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடம், ஒன்பது என்றால் பூட்டு. அப்புறம் எங்கள் பொடிசுகள் தினமும் படகேறி அடுத்த தீவு வரை வாந்தியெடுத்துக்கொண்டே போய்ப் படிக்கணும். வகுப்பில் பார்த்தால் ஒன்பது. நண்டு பிடிக்கிற லீஃபோட மகள் இங்காவைக் காணோம். அவள் பாதி நாள் வருவதே இல்லை. அடுப்புக்கு விறகு போட வந்த என்னிடம் டீச்சர் மிஸ் பெக்வித், "அவளை எங்க இருந்தாலும் கூட்டிட்டு வாங்க, ஓடுங்க!" என்றாள். என் முழங்காலோடு ஓடினேன்.

படகுத்துறை நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி கழுதை, உன்னால பள்ளிக்கூடமே போகப்போகுது!"

"சும்மா இருங்க தாத்தா. அதுங்க வளையம் போடுதுங்க."

"ஏண்டி வகுப்புக்கு வரமாட்டேங்கிற?"

"அங்க ஜன்னல் மலைப்பக்கம் இருக்கு."

திட்ட வாயைத் திறந்தவன், திறந்தது திறந்தபடி நின்னேன் மச்சான். கடலுக்குள்ளேருந்து யாரோ வட்டம் போட்ட மாதிரி குமிழி ஏறுது, ஒன்னு பக்கத்துல ஒன்னா சுத்தி வந்து வளையம் மூடுது, உள்ளே மாட்டின மீனெல்லாம் வெள்ளியா கொதிக்குது, எந்த மீனும் அந்தக் குமிழிச் சுவரைத் தாண்டல, அப்புறம் ஒரே மூச்சுல ஏழெட்டுத் திமிங்கிலம் வாயைப் பிளந்துக்கிட்டு வானத்துக்கு எழும்புது! ஆயுசு பூரா இந்தத் தண்ணியில வலை போட்டவன் நான். அதுங்க மூச்சுக் குமிழியாலயே வலை போடுதுங்க, நாம போடறதெல்லாம் வலையா?

எங்களைத் தேடி டீச்சர் ஒன்பது பேரையும் டாக்கின்ஸையும் கூட்டிட்டு வந்து சேர்ந்தா. அவ மெதுவா, "இன்னிக்கு வகுப்பு இங்கதான்"னா. டாக்கின்ஸ் கண்ணாடியெல்லாம் உப்புத்தண்ணி, கண்ணு கடலை விட்டு வரல. "இருக்கிறவங்க எல்லாரும் கை தூக்குங்க"ன்னார். பாதி திரும்பி, காத்துல விரலை ஆட்டி எண்ணினார். பத்து! பள்ளிக்கூடம் பிழைச்சுது. போகும்போது, "திரும்ப எப்போ எழும்பும்?"னு இங்காகிட்ட கேட்டுட்டுப் போனார்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா நலமும் பெருகட்டும். உன் அக்கா உலர்ந்த ஹாலிபட் மீன் அனுப்பியிருக்கிறாள், ஒரே நாளில் தின்னுடாதே.

இப்படிக்கு,
ஹால்வர்

பின்குறிப்பு: இங்கா கை தூக்கவே இல்லை. ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னா. பத்தாவது கை என்னோடது. இருக்கிறவங்கன்னுதானே கேட்டார், நானும் இருந்தேனே! கணக்கைத் திருத்தறதா இருந்தா அவளைச் சேர்த்துப் பதினொன்னா எழுதிக்கோ. நாலாவதுல பாதியில விட்டவன்னு தெரிஞ்சதும் டீச்சர் திங்கட்கிழமையிலேருந்து என்னைக் கடைசி பெஞ்சில உட்கார வெச்சுட்டா. நான் பின்னக் கணக்குல முழிக்கிற அழகைப் பார்க்க இங்கா ஒரு நாள் தவறாம வர்றா.