ஆபீஸ் வளர்த்த நல்ல கொழுப்பு

நல்ல கொழுப்பைக் கண்டுபிடித்த பெருமை வெள்ளைக்காரனுக்கே இருக்கட்டும். அதை அரசாங்க முறைப்படி வளர்த்துக் காட்டிய பெருமை, 1978-ஆம் ஆண்டில், திருவள்ளூரிலுள்ள எங்கள் ஆபீசுக்கே உரியது. ஹெட்கிளார்க் என்ற முறையில் அதில் எனக்கும் பங்குண்டு.

எங்கள் சூப்பரின்டென்டென்ட் துளசிராமன் ஐயா கடமையே கண்ணானவர். உட்கார்ந்தால் எழ மாட்டார். அப்பேர்ப்பட்டவருக்கு ஒருநாள் நெஞ்சைப் பிசைந்தது. ரயிலேறி மெட்ராஸ் டாக்டரிடம் போனோம்.

"ரத்தத்துல ரெண்டு வகைக் கொழுப்பு இருக்கு," என்றார் டாக்டர். "ஒண்ணு குழாயில போய் உட்கார்ந்துக்கும். இன்னொண்ணு, அப்படிப் படிஞ்சதை எடுத்துட்டுப் போய்க் கல்லீரல்ல சேர்க்கும். அந்த நல்ல கொழுப்பு உங்களுக்குக் கம்மி. தினமும் நடங்க."

மறுநாள் அவசரக் கூட்டம். ஐயா நடந்தால் நாற்காலி காலியாகும். நாற்காலி காலியானால் நிர்வாகம் என்ன ஆகும்? ஆகவே 'நடைப் பணி' அட்டெண்டர் வரதனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவன் தற்காலிக ஊழியன். வேலையை நிரந்தரமாக்கும் ஃபைல் ஐயாவின் கையெழுத்துக்காக மேஜையில் தவம் கிடந்தது.

வரதன் தலையைச் சொறிந்தான். "நான் நடந்தா ஐயா ரத்தம் எப்டி சார் சுத்தமாவும்?"

"ஐயாவுக்காக ரேஷன் க்யூவுல நீதானே நிக்கிற? சக்கரை உன் ஊட்டுக்கா போவுது?" என்றேன்.

வரதன் தினமும் செவ்வாப்பேட்டை வரை நடந்தான். அத்தாட்சிக்கு அந்த ஸ்டேஷன் பிளாட்பாரம் டிக்கெட்டைக் கொண்டுவந்து கொடுப்பான். ஐயா அதை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி," என்று பெருமூச்சு விட்டு, நடந்த களைப்புத் தீர மெதுவடை சாப்பிடுவார்.

சில மாதம் கழித்து மறுபடி டாக்டர். கூஜா தூக்க வரதனும் வந்தான்.

"நல்ல கொழுப்பு இன்னும் குறைஞ்சிருக்கே! நடந்தீங்களா இல்லையா?"

"ஒருநாள் தவறல டாக்டர்! வேணும்னா இவனைக் கேளுங்க!" என்று வரதனைக் காட்டினார் ஐயா.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, வரதன் ரத்தத்தையும் பரிசோதித்தார். அடேயப்பா! நல்ல கொழுப்பு அவனிடம் அமோக விளைச்சல்.

ஐயா உடனே மெமோ கொடுக்கச் சொன்னார். நான்தான் எழுதினேன்: 'ஆபீஸ் நேரத்தில் மேலதிகாரிக்காகச் சேகரித்த நல்ல கொழுப்பை, அனுமதியின்றிச் சொந்த உடம்பில் பதுக்கியது ஏன்?' எமர்ஜென்சி வந்து போயும் பதுக்கல் ஒழியவில்லை, பாருங்கள்!

"நானா சார் பதுக்கினேன்? அதுவா வந்து பூந்துகிச்சி!" வரதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேணும்னா ஊசி போட்டு உறிஞ்சிக்கினு போங்க. பர்மனென்ட் ஃபைலை மட்டும் திருப்பிடாதீங்க சார்."

எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ரூல் என்று ஒன்று இருக்கிறதே! ஃபைல் திரும்பியது. வரதன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அங்கேயும் தினம் நடந்துதான் போகிறானாம்.

ஐயாவுக்கு மறுபடி நெஞ்சைப் பிசைகிறது. அவசரமாக ஆள் தேடுகிறோம். தகுதி இவ்வளவுதான்: நன்றாக நடக்க வேண்டும், நடந்ததன் பலன் கொஞ்சமும் தன் உடம்பில் ஒட்டாதவனாக இருக்க வேண்டும். கிடைத்துவிடுவான். நம் நாட்டில் அப்படிப்பட்டவர்களுக்கா பஞ்சம்?