கான்செப்ட் புடிச்ச மாமன்

இல்லிங்க, தூங்கல. ஃபேனுக்கு நேரா கட்டில இழுத்துப் போட்டுக்கினு, கண்ண மூடிக்கினு, வாயக் கொஞ்சமா தொறந்துக்கினு கெடக்கறானே, அது தூக்கம் இல்ல. அதுக்குப் பேரு பிராசஸ். கொறட்ட வருதேன்னு கேப்பீங்க. அதுவும் பிராசஸ்தான்.

நீங்க கேக்கல, சரிதான். ஆனா வூட்டுக்கு வர்றவங்க அத்தினி பேரும் அந்தக் கட்டில ஒரு பார்வ பாக்கறாங்க பாருங்க, அதுக்காக சின்னதுரை முன்கூட்டியே சொல்லி வெச்சிடறாரு. ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு போட்டுக்கினு இருக்கற மனுசன். மூத்த பொண்ணு சந்தியா வயித்துல பேத்தி பொறந்ததுலேர்ந்து கரும்புக்குத் தண்ணி பாய்ச்சப் போனாக்கூட பேத்தி ஏப்பம் வுட்ட கதயத்தான் வரப்புல போறவங்ககிட்ட சொல்லிக்கினு இருப்பாரு. கட்டில்ல கெடக்கறது அவரு பையன் தமிழழகன், வூட்ல அழகு. பேத்திக்குத் தாய்மாமன். சென்னைல படம் போடற படிப்பு படிக்கறான்.

நெல்லுல ரகம் இருக்கற மாதிரி புள்ளைங்கள்லயும் இது ஒரு ரகம். படம் போடற படிப்பு படிக்கற ரகம். தண்ணிக்கு பதிலா டீ கேக்கும். ரொம்ப லேட்டாதான் கதிர் வுடும். வுட்டுச்சா இல்லியான்னு அதுக்கே தெரியாது. கத்திரி வெயில்லயும் கறுப்பு சட்டதான் போடும். உச்சில கொண்ட போட்டு, அந்தக் கொண்டைல ஒரு பென்சில சொருவிக்கினு, அதே பென்சில வூடு பூரா தேடும். தேடறப்ப ஆத்தாளத் திட்டும்.

இவன் இன்னா படிக்கறான்னு ஊருக்கு வெளங்க வெக்கறதுக்குள்ள சின்னதுரை பட்ட பாடு இருக்குதே! மொத மொதல்ல டீக்கடைல கேட்டாங்க.

"பையன் இன்னா படிக்கறான்?"

"இல்லஸ்டேசன்."

"இல்லியா? அப்புறம் எந்த ஸ்டேசன்?"

"அதான்யா, இல்லஸ்டேசன்."

"ஓ, போலீஸ் ஸ்டேசனா? எஸ்.ஐ.க்குப் படிக்கறானா?"

வாய் தொறந்து இல்லன்னு சொன்னா, "இல்ல... ஸ்டேசன்"னுதானே வருது? மறுவாரமே வாய்க்கா தகராறுல மண்ட ஒடஞ்ச ஒருத்தர் கட்டோட வூட்டாண்ட வந்து, "தம்பி ஒரு வார்த்த ஸ்டேசன்ல சொன்னா போதும்"னு நின்னுட்டாரு. தம்பி அவர ஒக்கார வெச்சி, அந்த மண்டக்கட்ட படமா வரைஞ்சி குடுத்து அனுப்புனான். அவரும் அது ஏதோ கேசுக்கு ஒதவற பேப்பர்னு மடிச்சி பையில வெச்சிக்கினு போனாரு.

லீவுக்கு வர்றப்பல்லாம் இந்த ரகம் சும்மா வராது. ப்ராஜெக்ட்டோட வரும். ஒரு தபா வந்த ப்ராஜெக்ட்டு, நாற்காலியோட தனிமை. வூட்ல இருந்த ஒத்த பிளாஸ்டிக் சேரையும் தூக்கிக்கினு போயி கரும்புக் காட்டுக்கு நடுவுல போட்டுட்டான். சேர் தனிமைல இருந்துச்சி. வந்த விருந்தாளிங்க தரைல இருந்தாங்க. அடுத்த தபா, வூட்டுப் பசுவ ஒரு கதாபாத்திரமா வரையணுமாம்.

"ப்பா, இந்த மாடு சின்ன வயசுல இன்னா கஷ்டம் பட்டுச்சி?"

"சந்தைல வாங்கும்போது பல்லு பாத்தேன்டா. கஷ்டம் கேக்கல."

"கஷ்டம் தெரியாம கண்ண எப்பிடிப்பா வரையறது?"

"கொம்ப வரை. அதுக்கு இன்னா கஷ்டம் வேணும்?"

சொவுத்த வேற ஒரு பக்கம் புடிச்சிக்கும். மூட்போர்டுன்னு பேரு. பால் பாக்கெட்டு கவரு, கத்திரிக்கா தோலு, மாத்திர அட்ட, கிழிஞ்ச பாவாட ஓரம் எல்லாத்தையும் ஒட்டி வெச்சிக்கினு, கைய கட்டிக்கினு அதயே மொறச்சிப் பாக்கும். மோட்டர் கொட்டா சாவியக் காணோம்னு சின்னதுரை ஊரெல்லாம் தேடினாரு. கடைசில சொவுத்துல ஒட்டிக்கினு இருந்துச்சி. எடுக்கப் போனா, "துரு போயிடும்பா, தொடாதீங்க!"ன்னு பாஞ்சி வர்றான். பயிரு வாடுதேன்னா, அந்த வாடின கலருதான் அவனுக்கு வேணுமாம். இவங்கிட்ட இன்னா பேசுவீங்க?

இப்ப விசயத்துக்கு வரேன். பேத்திக்கு மொட்ட போட்டு காது குத்தணும். கோயிலு, பந்தி, சீரு எல்லாம் பேசி முடிச்சாச்சு. பேனர் பாக்கி.

நம்ம பக்கம் காதுகுத்து பேனர்னா எப்பிடி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். நடுவுல தாய்மாமன் வெள்ள சட்டயில கை கூப்பிக்கினு ஆள் ஒசரத்துக்கு நிப்பாரு. ஓரமா குழந்த. கீழ வரிச வரிசயா சொந்தக்காரனுங்க தல, வெள்ளிக்கிழம சந்தைல தேங்கா அடுக்குன மாதிரி. மாமன் மடியில ஒக்கார வெச்சாதானே காதே குத்துவாங்க? பேனர்ல மாமன் இல்லன்னா முடிஞ்சிது. அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டயாம், சீரு வர்லியாம், பேச்சுவார்த்த இல்லியாம்னு பந்தி முடியறதுக்குள்ள ஒரு கதயே கட்டிடுவாங்க. மணலூர்பேட்டை சம்மந்திக்காரங்க வேன்ல வந்து ரோட்டு முக்குல எறங்கறப்ப, தன் ஒத்தப் புள்ள அங்க கைகூப்பிக்கினு நிக்கணும். சின்னதுரைக்கு ஆச இதான். பெருசா ஒண்ணும் கேக்கல பாவம்.

"படம் போடறவன் நீயே மாமனா இருக்கற, நீயே போடுடா"ன்னு சந்தியாவும் சொல்லிட்டா.

"ஃப்ளெக்ஸாக்கா? கண்ணு கூசும். நான் வேற மாதிரி பண்றேன்."

"வேற மாதிரின்னா?"

"கான்செப்ட் வேணும்."

அன்னிக்கி கட்டில்ல சாஞ்சவன்தான். நடுவுல எழுந்து கட்டவெரல் நகம் அளவுக்கு சின்னச் சின்னக் கட்டமா போட்டான். "இவ்ளோ சின்னதா இருந்தா முக்குல எப்பிடிடா தெரியும்?"னு சின்னதுரை கேட்டதுக்கு, "இது தம்ப்நெயில்பா"ன்னான். அப்புறம் ஒரு நாளு கலர் தேடணும்னு கல்வராயன்மலைக்குக் கெளம்பிட்டான்.

"பச்ச பாக்கணும்பா."

"நம்ம கரும்பு இன்னா ஊதாவாவா இருக்குது?"

"அது வியாபாரப் பச்ச. எனக்கு மலப் பச்ச வேணும்."

வெள்ளிமலை பஸ் ஏறிப் போனவன், இருட்டறப்ப ஒரு பலாப்பழத்தத் தோள்ல வெச்சிக்கினு வந்து எறங்குனான். பரவால்ல, பழமாச்சும் வந்துச்சேன்னு சின்னதுரைக்கு சந்தோசம். பழத்த அறுத்துக்கினே கேட்டாரு, "இன்னாடா, கலர் கெடச்சிதா?"

"கெடச்சிதுப்பா. அங்க போயி பாத்தப்புறம்தான் தெரிஞ்சிச்சி, கலரே வேணாம்."

இன்னொன்னு சொல்லணும். பேத்திய அவன் நூறு விதமா வரைஞ்சி வெச்சிருந்தான். தூங்கறது, சப்பறது, தவழறது, பேண்டுட்டு முழிக்கறது எல்லாம். ஆனா ஒரு தபா தூக்கல. "பாப்பா கத்துது, தூக்கேண்டா"ன்னு சந்தியா அடுப்படிலேர்ந்து கொரல் குடுத்தா, "இருக்கா, கத்தற வாயி சூப்பரா இருக்குது, கொஞ்ச நேரம் கத்தட்டும்"பான். பாவம் அந்தப் பொண்ணும் மாமனுக்காக நல்லா வாயத் தொறந்துதான் காட்டிக்கினு இருந்துச்சி.

கடைசில பேனர் தயாருன்னு லேப்டாப்பத் தொறந்தான். சின்னதுரை கண்ணாடியத் தொடச்சிப் போட்டுக்கினு பாத்தாரு. ஒரே வெள்ள. கரண்டு கம்மியா வருதோன்னு நெனச்சாரு.

"எங்கடா?"

"கீழ மூலைல பாருங்க."

மூலைல ஒரு வளஞ்ச கோடு. எறும்பு சைசு.

"இது இன்னா?"

"காது. காது இல்லப்பா, காதோட நெனப்பு."

"குழந்த எங்க?"

"பாக்கறவங்க மனசுல வந்துடுவா."

"சரி, மாமன் எங்கடா?"

இந்தக் கேள்விக்காகவே காத்துக்கினு இருந்த மாதிரி எழுந்து நின்னான். "அந்த வெள்ள முழுக்க நான்தான்பா!"

சின்னதுரை அப்பிடியே பின்னால சாஞ்சிட்டாரு. "டேய், கண்ணீர் அஞ்சலி பேனர்லகூட மூஞ்சி இருக்கும்டா!"

அதுக்கு மேல பேசி இன்னா ஆவப்போவுது? மறுநாளு செல்போன எடுத்துக்கினு கள்ளக்குறிச்சி பஸ் ஏறிட்டாரு. ஃப்ளெக்ஸ் கட தங்கமணி அவருக்குப் பழக்கம்.

"மாமன் போட்டோ இருக்காண்ணே?"

இருந்த ஒரே போட்டோ, ஒரு கல்யாணப் பந்தில தின்னுக்கினு இருக்கறப்ப எடுத்தது. தங்கமணி பெருசு பண்ணிப் பாத்தான்.

"வாயில இருக்கறது இன்னாண்ணே?"

"ஜாங்கிரி."

"சரி, சிரிக்கறாப்பல பண்ணிடலாம். இலைய வெட்டிட்டு ஒடம்பு வேற வெச்சிக்கலாம். கோட்டு ஓகேவா?"

"கை கூப்பிக்கினு இருக்கணும்."

"கூப்ப வெச்சிடலாம்ணே."

வெட்டி, ஒட்டி, பின்னால ஒரு அருவி வுட்டான். பொறா பறக்க வுட்டான். தங்க எழுத்துல 'பாசமிகு தாய்மாமன்'னு போட்டான். ரெண்டு பக்கமும் சிங்கம் வந்து ஒக்காந்துச்சி.

"சிங்கம் எதுக்குப்பா காதுகுத்துக்கு?"

"மாமன்னு டைப் பண்ணாலே சிங்கம் வந்துடும்ணே."

காதுகுத்து அன்னிக்கி விடியறப்ப பேனர் முக்குல ஏறிடுச்சி. அழகு பிரஷ்ஷ வாயில வெச்சிக்கினு ரோட்டுக்கு வந்தான். பாத்தான். பேஸ்ட்டு நுரை தாடிவரைக்கும் எறங்கிச்சி, தொடைக்கல.

"யாருப்பா அந்தக் கோட்டு?"

"நீதான்டா."

"சிங்கத்துக்கு அஞ்சி காலு இருக்குதுப்பா!"

"எண்ணிக்கினு இருக்காத. போயி குளி."

"இது தொங்கற எடத்துல நான் ஒக்கார மாட்டேன். கழட்டுங்க. இல்ல, வேற யார் மடிலயாச்சும் வெச்சி குத்திக்கோங்க."

சின்னதுரை அவசரமா கணக்குப் போட்டாரு. பேனர் போனாப் போவுது, மடி போனா? வேற மடின்னா எங்க போறது? அவனுக்கு அண்ணன் தம்பி இருக்கானா? "அழகு, ராசா, உன் காலுல வேணா வுழறேன்டா"ன்னு அவரு வேட்டிய மடிச்சிக் கட்டறதுக்கும், மணலூர்பேட்டை வேன் முக்குல வந்து நிக்கறதுக்கும் சரியா இருந்துச்சி.

மொதல்ல எறங்குனவரு சம்மந்தி பழனி. எறங்குனாரு, துண்ட ஒதறுனாரு, தல தூக்கிப் பாத்தாரு. அப்பிடியே நின்னுட்டாரு. வேன்ல இருந்த சனமும் கழுத்த நீட்டுச்சி. சின்னதுரை மடிச்ச வேட்டிய எறக்கி வுட்டாரு.

"சம்மந்தி, இது உங்க பையன் போட்டதா?"

சின்னதுரை வாயத் தொறந்தாரு. அதுக்குள்ள சம்மந்தியே முந்திக்கினாரு.

"மெட்ராஸ் படிப்புன்னா சும்மாவா! அந்த சிங்கம் பாக்கறதப் பாருங்க, எறங்கி வந்துடும் போல. எங்க ஊர்ல இந்த மாதிரி ஒண்ணு கெடயாது. ஏ, எல்லாரும் வாங்க, மாமன் பேனராண்ட ஒரு போட்டோ எடுத்துக்கலாம்!"

அப்பன் மவனப் பாத்தாரு. மவன் அப்பனப் பாத்தான். உள்ளதச் சொல்லிட்டு மானத்தோட நடந்து போயிருக்கலாம். போனானா? வாயக் கொப்புளிச்சான், கொண்டைய சரி பண்ணிக்கினான்.

"டைம் கம்மிங்க மாமா. இல்லன்னா இன்னும் நல்லா பண்ணியிருப்பேன்."

போட்டோல நடு ஆளு அவன்தான். கைய வேற கூப்பிக்கினு இருக்கான்.

அப்புறம் ஒரு தொல்லையும் இல்ல. குழந்தைக்கு மொட்ட, மாமனுக்குக் கொண்ட, ரெண்டையும் ஒண்ணா ஒக்கார வெச்சாங்க. ஆசாரி ஊசிய எடுத்ததும் இவன் கண்ண இறுக்க மூடிக்கினான். குத்துனதும் பாப்பா ஒரு கத்து கத்திக்கினு மாமன் கொண்டைய ரெண்டு கையாலயும் புடிச்சி இழுத்துச்சி பாருங்க, இவனும் கூட சேந்து கத்துனான். யார் கத்தறதுன்னே தெரியல. சந்தியா வந்து குழந்தைய வாங்கப் போனா, "வேணாம்க்கா, எங்கிட்டயே இருக்கட்டும்"னு மூக்க உறிஞ்சிக்கினு சொல்றான். சாயங்காலம் வரைக்கும் எறக்கி வுடல. பாப்பா சட்டயில மூத்தரம் பேஞ்சிது, அதுக்கும் எறக்கல. சின்னதுரை அன்னிக்கி ரெண்டாந்தபா பந்தில ஒக்காந்து சாப்பிட்டாரு.

நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா உங்க வூட்டுப் பின்னால பாதி எழுப்புன சொவுரு ஒண்ணு நிக்குதே, "அதுக்கு ஒரு ஐடியா வெச்சிருக்கேன்"னு போன பொங்கல்ல யாரு சொன்னது? யாரோ சமைச்ச கொழம்ப விருந்தாளி நல்லா இருக்குதுன்னு சொன்னப்ப, "உப்பு மட்டும் கொஞ்சம் கொறஞ்சிடுச்சி"ன்னு நீங்களே வெச்ச மாதிரி எலையப் பாத்துக்கினு சொன்னீங்களே, அது யாரு? கொண்ட இருந்தாத்தான் இந்த ரகம்னு இல்லிங்க. வழுக்கையிலயும் இருக்குது. மொதல்ல தலைய ஒரு தபா தடவிப் பாத்துக்கோங்க.

இன்னிக்கி காலைல சின்னதுரை ஏணியப் போட்டுக்கினு பேனரக் கழட்டப் போனாரு. நல்லா தடிசான ஃப்ளெக்ஸு, ஆட்டுக் கொட்டாய் மேல போட்டா மழ ஒழுவாதுன்னு கணக்கு. பேத்திய இடுப்புல தூக்கிக்கினு வந்து கீழ நின்னான் அழகு.

"பாத்துக் கழட்டுங்கப்பா, கிழிச்சிடாதீங்க. எங்க சாருக்குப் போட்டோ அனுப்பிட்டேன், என் கடைசி ப்ராஜெக்ட்டே அதான். ஆட்டுக் கொட்டாய்க்கு வேணும்னா சொல்லுங்க, நான் தனியா ஒண்ணு யோசிக்கறேன்."