கண்ணாடித் தடுப்புக்குள் குழல்காரர்

இரட்டை இசையை அழிவிலிருந்து காப்பாற்றுவதென்று மாவட்டப் பண்பாட்டு அலுவலகம் ஏகமனதாகத் தீர்மானித்தது. அந்த இசைக்கோ அழியும் உத்தேசமே இல்லை. கால்வாயோரத் தேநீர்க் கடையில் தினமும் மத்தியானம் ஃபெங்மெய் எர்ஹு என்ற இரட்டைத் தந்தி வாத்தியத்தில் வில் இழைப்பாள், பாவ்கென் மூங்கில் குழல் ஊதுவார். ஒரே மெட்டுதான். அவள் அடர்த்தியாக வாசித்தால் அவர் அடங்கிவிடுவார். அவர் சுழற்றி ஊதினால் அவள் வில்லைத் தூக்கிவிடுவாள். நடுநடுவே வைதுகொள்வார்கள். வித்தை அவ்வளவுதான்.

அலுவலக இயக்குநர் தோங் வந்தார்.

"ஒரு கலைக்கு ஒரு வாரிசுதான். யாருன்னு சொல்லுங்க."

"இது ரெண்டு பேர் வாசிக்கிறதுங்க," என்றாள் ஃபெங்மெய்.

"கலை ஒண்ணுதானே?"

பாவ்கென் பூசணி விதைத் தோலைத் துப்பினார். "அக்காவையே போடுங்க. என் மூஞ்சி படத்துல எடுபடாது."

"அப்ப நீங்க துணைக்கருவி."

ஃபெங்மெய் சிரித்தாள். வாரிசுப் பட்டம் வந்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

பாரம்பரியக் கருவிகள் அருங்காட்சியகத்தில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. பாவ்கென்னை நாற்காலியோடு கண்ணாடித் தடுப்புக்குள் வைத்தார்கள். 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டினார்கள்.

ஃபெங்மெய் கண்ணாடியைத் தட்டினாள். "வெளியே வாய்யா!"

"வெயில் பட்டா மங்கிடுவேனாம் அக்கா."

"நீ எப்பய்யா பளபளன்னு இருந்தே? நீ இல்லாம வில்லே ஓட மாட்டேங்குது."

"பட்டம் வாங்கினது நீதானே. ஓட்டு."

தனியாக வாசித்தாள். அவர் ஊதும் இடம் வந்ததும், பழக்கதோஷம், வில்லைத் தூக்கிக் காத்திருந்தாள். வாடகைக்கு அரச வம்ச உடை மாட்டிப் படம்பிடிக்க வந்த இளசுகள் அந்த நிசப்தத்தில் உருகினார்கள். "என்னா ஆழம்!" தோங் உடனே பாடத்திட்டம் போட்டார். நாற்பது மாணவர்கள் வில்லைத் தூக்கிக்கொண்டு சும்மா இருக்கப் பயின்றார்கள். அதில் முதலாவதாகத் தேறியவனுக்கு அலுவலகத்திலேயே வேலை.

ஆண்டுவிழா அருங்காட்சியகக் கூடத்திலேயே நடந்தது. முதல் நிசப்தத்தில் பாவ்கென்னுக்குப் பொறுக்கவில்லை. உள்ளிருந்தபடியே ஊதிவிட்டார். ஃபெங்மெய்யின் வில் தானாக ஓடியது. முகமெல்லாம் வெளிச்சம்.

"உஷ்!" என்றது கூடம். "பெரியவரே, ரெட்டை இசை நடக்குது, கெடுக்காதீங்க!"

தோங் குனிந்து கேட்டார்: "வாரிசு நீங்கதான். இந்தச் சத்தம் கலையில சேர்ந்ததா? சேர்ந்ததுன்னா உங்க பட்டமும் செல்லாது, நாப்பது பிள்ளைங்க சான்றிதழும் செல்லாது."

நாற்பது பேரும் அவளையே பார்த்தார்கள். பெற்றவர்களும் பார்த்தார்கள்.

"பழுதுங்க," என்றாள்.

பாவ்கென் குழலை மடியில் வைத்துக்கொண்டார். அவளை வையக்கூட இல்லை.

அடுத்த நிசப்தம் வந்தது. அவள் வில்லைத் தூக்கிக் காத்திருந்தாள். கூடமே எழுந்து நின்று கைதட்டியது.