அப்பாவின் வேட்டியில் என் மூலக்கூறு

மரக்காணத்துக்காரர்களுக்குத் துரு நெருங்கிய சொந்தம் மாதிரி. ஜன்னல் கம்பி, சைக்கிள், பீரோ என்று உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. அந்தத் துருவை அடக்கவே பிறந்தவள் நான் என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். (சிரிக்காதீர்கள். அப்போதுதான் வேதியியலில் பிஎச்.டி. சேர்ந்திருந்தேன். தலைக்கனத்துக்கு அது போதாதா?)

என் ஆராய்ச்சி, இரும்பைப் பிடிக்கும் மூலக்கூறுகளைப் பற்றியது. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் தங்களுக்கு வேண்டிய இரும்பைப் பிடித்துவர, நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு மூலக்கூறைச் செய்து வெளியே அனுப்பும். அதே சாயலில் ஒன்றை நானும் ஆய்வகத்தில் செய்திருந்தேன். அதை உலோகத்தகட்டின் மேல் மெல்லிய படலமாக ஒட்டி, அதன் வழியே மின்சாரத்தை ஓடவிட்டு, மூலக்கூறிலேயே மின்னணுக் கருவி செய்வதாகத் திட்டம். ஆனால் அது ஒட்டினால்தானே! ஒரு தரம் கழுவினால் மொத்தமும் போய்விடும். மாதக்கணக்கில் இதே கதை.

இந்த லட்சணத்தில் அக்காவின் கல்யாணம் வந்தது. வீட்டில் காட்டிப் பெருமையடித்துக்கொள்ள ஒரு சின்னக் குப்பியில் என் கரைசலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

முகூர்த்தத்தன்று காலை அம்மா போட்ட சத்தத்தில் வீடே கூடிவிட்டது. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் அப்பாவுக்குக் கொடுத்த வெண்பட்டு வேட்டியைப் பீரோவிலிருந்து எடுத்திருக்கிறாள். முன்பக்கம் மிளகு அளவுக்கு ஒரு துருக்கறை. அதைக் கட்டிக்கொண்டுதான் அப்பா தாரை வார்க்க வேண்டும்.

"மடிப்புல மறைஞ்சிடும், வுடு" என்றார் அப்பா. உப்பளத்தில் மோட்டார் பார்க்கிறவர். துருவுக்கெல்லாம் அசரமாட்டார்.

நான் விட்டேனா? "அப்பா, நான் படிக்கிறதே இதைத்தான். ரெண்டு நிமிஷம் குடுங்க."

"கறை போயிடுமாம்மா?"

"என் மாலிக்யூல் அப்படியே புடிச்சு இழுத்துடும்பா."

எலுமிச்சைச் சாறு தடவித் துருவை இளக்கினேன். குப்பியைக் கவிழ்த்தேன். என் மூலக்கூறு வாக்குத் தவறவில்லை, இரும்பைப் பிடித்தது. பிடித்தால் அது கத்தரிப்பூ நிறமாகும் என்பதுதான் (ஆய்வகத்தில் தினமும் பார்ப்பது!) அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோனது. மிளகு நாவல்பழமானது. நாவல்பழம் தோசையானது. பதறிப்போய் சோப்பு போட்டேன். நிறம் இன்னும் அழகாக ஏறியது.

"அடிப்பாவி, என்னடி பண்ணி வச்ச!" என்று அம்மா தலையில் கைவைத்தாள். அலங்காரத்தில் இருந்த அக்கா எட்டிப் பார்த்து, அழுவதா சிரிப்பதா தெரியாமல் கண்மையைக் கலைத்துக்கொண்டாள். நான் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்பா ஈர வேட்டியை ஒரு உதறு உதறினார். அதையே கட்டிக்கொண்டார்.

மண்டபத்தில் சம்பந்தியின் கண் நேராக அங்கேதான் போனது. பெரிய முதலியார்சாவடி ஊர்க்காரர், கொஞ்சம் கறாரான மனிதர். "என்னங்க சம்பந்தி, நாங்க எடுத்த வேட்டியில இங்க் கொட்டிடுச்சா?"

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"இங்க் இல்லீங்க சம்பந்தி" என்றார் அப்பா. "பெரிய பொண்ணுக்குக் கல்யாணம், சின்னப் பொண்ணுக்கு ஆராய்ச்சி. ரெண்டையும் ஒரே நாள்ல வச்சிட்டோம்."

சம்பந்தி சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரரே ஒரு கணம் வாசிப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் அம்மா வேட்டியை அலசு அலசென்று அலசினாள். "எத்தினி வாட்டி அலசினாலும் அப்படியே நிக்குதுடி!" என்று திட்டினாள். பாதித் திட்டில் எனக்குப் பொறிதட்டியது. தகட்டில் ஒட்டாத சனியன் துணியில் எப்படி ஒட்டியது? நடுவில் இரும்பு இருக்கிறது! ஒரு கையால் துணியையும் மறுகையால் மூலக்கூறையும் அது பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆய்வகம் திரும்பியதும் தகட்டில் முதலில் இரும்பைப் படியவிட்டு, அதன் மேல் மூலக்கூறை ஊற்றினேன். கழுவினேன். போகவில்லை. மின்சாரமும் ஓடியது. எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது அதில்தான். அன்று அப்பா ஒரு வார்த்தை கடிந்திருந்தால், அந்த வேட்டி இருந்த பக்கமே நான் திரும்பியிருக்க மாட்டேன்.

இப்போதும் நான் ஊருக்கு வருகிறேன் என்றால் அத்தான் முன்கூட்டியே குரல் கொடுத்துவிடுவார்: "மச்சினி வர்றாங்க, வெள்ளைச் சட்டையெல்லாம் உள்ள வைங்க!"

அப்பா மட்டும் எந்த விசேஷத்துக்கும் அந்த வேட்டியைத்தான் கட்டுகிறார். அம்மா துவைக்க எடுத்தால் பின்னாலேயே போய் நிற்பார்.

"பாத்து அலசும்மா, கறை போயிடப் போவுது."