சந்தேக பாயின் கீரை டப்பா

இந்தத் தீவுகளில் சூரியனைக்கூடச் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ஜங்லிகாட் சந்தேக பாய்தான். காலை ஐந்து மணிக்கே பளீரென்று விடிகிற ஊர் இது. "இவ்ளோ சீக்கிரம் வர்றான்னா ஏதோ விஷயம் இருக்கு" என்பார்.

ஸ்கூட்டர் மெக்கானிக். பெட்ரோல் முள்ளை நம்பாமல் வண்டியை ஆட்டி, டேங்கில் காதை வைத்துக் கேட்பார். தொப்பலாக நனைந்து ஓடிவந்தவன் "மழை பாய்" என்றால், தானும் ஒருமுறை கையை வெளியே நீட்டிப் பார்ப்பார்.

பட்டறைக்கு எதிரே ஒரு சரக்கு ஆபீசில் எனக்கு வேலை. தனிக்கட்டை. வயிற்றில் அல்சர். "மாத்திரை மட்டும் போதாது, காலையில பட்டினி கிடக்காதீங்க. மறுபடி ரத்தம் வந்தா மெயின்லேண்டுக்குத்தான் அனுப்பணும்" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மாத்திரையை ஒழுங்காக விழுங்கினேன். சாப்பாட்டுக்குப் பதில் டீயும் சமோசாவும்.

ஒரு நாள் காலையில் பாய் கைதட்டிக் கூப்பிட்டார். டிபன் டப்பாவில் குழைந்த சோறு, தேங்காய்ப்பால் விட்ட மணத்தக்காளிக் கீரை, காரமே காட்டாத முட்டைக்கோஸ்.

"எனக்கும் அல்சராம் தம்பி. ஆனா கீரைக்காரன் மேல பரோசா நஹி. மொதல்ல நீ சாப்டு."

"உங்க வீட்டம்மா சமைச்சதுதானே பாய்?"

"அவள நம்புறேன். வித்தவன எப்படி நம்புறது?"

ஒரு வாய் தின்றேன். "ஒரு வாய்ல என்ன தெரியும்? பாதிய முடி." முடித்தேன். "இப்ப அரை மணி இங்கயே உக்காரு. வெஷம் மெதுவாத்தான் ஏறும்." நான் டீக்கடைப் பக்கம் தலையைத் திருப்பினால் போதும், "அரே, டீ குடிச்சா டெஸ்ட் கெட்டுடும்!"

தினமும் இதே கூத்து. கப்பல் தாமதமாகி முட்டைக்கோஸ் வராத வாரம் வாழைத்தண்டு. தெருவே பார்க்க என்னைச் சோதனை எலியாக்கிவிட்டாரே என்று எரிச்சலாக வந்தது. போகப்போக அவர்மேல் எனக்கே சந்தேகம். மீதிப் பாதியை அவர் தொட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். புண் ஆறிவிட்டதாம். "மாத்திரையும் வேளைக்குச் சாப்பாடும் சேர்ந்து காப்பாத்திடுச்சு" என்றார். ரிப்போர்ட்டோடு பட்டறைக்கு ஓடினேன். பாய் அங்கே சிவக்கச் சிவக்க வறுத்த கணவாயைப் பச்சை மிளகாயோடு கடித்துக்கொண்டிருந்தார்.

"பாய்! உங்க அல்சர்?"

"எனக்கு எதுக்கு அல்சர்? கல்லத் தின்னாலும் செரிக்கும். நீதான் வயித்தப் புடிச்சிக்கிட்டு நடந்த. சாப்டியான்னு கேட்டா, சாப்டேன்னு பொய் சொல்ற மூஞ்சி உனக்கு."

ரிப்போர்ட்டைப் பிடுங்கினார். "மொதல்ல இது உன் பேர்தானா பாரு."

இப்போது அவர் மகளோடு ராமநாதபுரத்தில் இருக்கிறார். தினமும் காலை எட்டுக்கு போன் வரும்.

"சாப்டியா?"

"ஆச்சு பாய்."

"ஜூட்! பொய் சொல்ற. தட்டக் காட்டு."

காலித் தட்டைப் படம் எடுத்து அனுப்பினால், "இது நேத்து எடுத்தது" என்பார். உடனே வீடியோவில் வந்து தட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறேன். நான் சாப்பிட்டேனா என்று சந்தேகப்பட, இந்த உலகத்தில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?