பத்து விரலும் ஊதா

ராயபுரம்,
ஜனவரி 1952.

பிரியமுள்ள தம்பி லோகநாதனுக்கு அக்கா கெங்கம்மா மனசார வாழ்த்தி எழுதுவது. நீயும் உன் பெண்சாதியும் அரக்கோணத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்கணும். இங்கே எல்லாரும் க்ஷேமம். பேத்தி ஞானசெல்வி, நான் எழுதித் தரேன் ஆயா என்றாள். அஞ்சாங்கிளாஸ் படிச்சவளுக்கு ஆள் எதுக்குடி என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஓட்டு போட்டியா என்று கேட்டிருந்தாய். அதை ஏன் கேக்கறே! ஹார்பரில் சிமெண்டு மூட்டை தூக்கி என் பிள்ளை ஜெயவேலுக்குக் கையெல்லாம் கரப்பான். வெடிச்சி நீர் வடிஞ்சி, சோறு பிசையக்கூட முடியாமல் தவிச்சான். நான் வெட்பாலை இலையைக் கிள்ளிப் போட்டுத் தேங்காயெண்ணெயை ஏழு நாள் வெயிலில் வெச்சேன். எண்ணெய் ஊதாவாச்சு. தேன்மெழுகை உருக்கிச் சேர்த்ததும் கெட்டிக் களிம்பு. பூசின மூணாம் நாள் அரிப்பு அடங்கிடுச்சி. அவனோட வேலை செய்யற நம்ம தெரு ஆம்பிளைங்க எல்லாம் வாசலில் கையை நீட்டிகினு நின்னானுங்க. அத்தினி பேருக்கும் நானே பூசினேன்.

ஓட்டு அன்னிக்கி ஒண்ணாவே போனோம், வரிசையில் நான்தான் முதல். ஆபீசர் என் கையைப் பார்த்துட்டு, "ஏம்மா, ஓட்டுப் போட்டு மை வெச்சாச்சே, மறுபடி வந்து நிற்கிறியே?" என்றார். களிம்பு சார் என்றேன். சோப்பு கொடுத்தார். தேய்ச்சதில் சோப்புதான் ஊதாவாச்சு. திரும்பிப் பார்த்தா பின்னாலே அத்தனை கையும் ஊதா! முதல் தபா கிடைச்ச ஓட்டு, என்னாலே தெரு மொத்தத்துக்கும் இல்லாமப் போயிடுமே! கோபம் வந்திடுச்சி. "இன்னா சார், ஒரு ஓட்டுக்கு ஒரு விரல்லதானே மை வெக்கிறே? எனக்குப் பத்து விரலும் ஊதா கீது. பத்து ஓட்டா போட்டுகினு வந்தேன்?" என்று பத்தையும் அவர் மூக்குக்கு நேரே விரிச்சேன். கட்சி ஏஜெண்டா உள்ளே உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு கோதண்டம், "மோந்து பாரு சார், தேங்காயெண்ணெ வாசம்"னான். ஆபீசர் மோந்தார், லிஸ்டில் என் பேரை இன்னும் அடிக்கலேன்னு பார்த்தார், சிரிச்சிட்டார். எங்க எல்லாரையும் விட்டுட்டார்.

அதோட இல்லே தம்பி. கழுத்தைச் சொறிஞ்சிகினே, "எனக்கும் கரப்பான்தாம்மா, பக்குவம் எழுதிக் கொடேன்" என்றார். என் படிப்பு எங்கே உதவுது பார்! எழுதி முடிச்சி நிமிர்றதுக்குள்ளே ஓட்டுச்சீட்டைக் கையில் திணிச்சி, போ போன்னு விரட்டினாங்க. ரெண்டையும் மடிச்சிப் பிடிச்சிகினு மறைப்புக்குள்ளே போய் ஓட்டைப் போட்டேன். வெளியே வந்து பக்குவத்தை ஆபீசரிடம் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிகினார்.

சர்க்கார் அமைக்க அக்காவும் கை கொடுத்தாள் என்று அங்கே நாலு பேருக்குச் சொல். குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
ஓட்டுப் போட்ட உன் அக்கா,
கெங்கம்மா.

பி.கு.: கடுதாசியை ஒட்டப்போறப்போ கோதண்டம் ஓடி வந்தான். ஓட்டு அன்னிக்கி சாயங்காலம் ஆபீசர் பக்குவத்தைப் பிரிச்சாராம், ஓட்டுச்சீட்டா இருந்துதாம். அப்போ பொட்டியிலே விழுந்தது பக்குவம். நாலு பேருக்கும் சொல்லித் தொலைக்காதே. ஓட்டு எண்ணறவங்க படிச்சிப் பார்க்கட்டும். மெழுகைக் கடைசியிலேதான் போடணும்னு தெளிவா எழுதியிருக்கேன்.